வாலறுந்தவள் குட்டி போட்ட மாரி

நம் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு முழங்காலில் தொடங்கும். அங்கிருந்து பிரஷருக்குப் போகும். பிறகு பிள்ளைகள் எந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்பதில் வந்து நிற்கும். நானும் அதெல்லாம் பேசுகிறவள்தான். ஆனால் கொஞ்சம் இடம் கொடுத்தால் பூனைக் கதைக்குப் போய்விடுவேன் என்பதால், என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்புகிற சிநேகிதிகளும் உண்டு.

என் வீட்டுப் பின்வளவில் இப்போது கிடக்கிற பூனைகளில் ஒன்றுகூட என்னுடையதில்லை. நான் கிட்டப் போனால் ஓடிவிடும். நான் சோறு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் வரும். மிருக வைத்தியர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து பெட்டைகளுக்கு ஆபரேசன் செய்வித்திருக்கிறேன். "உங்களுக்கு இது என்னத்துக்கு அம்மா?" என்று மகள் போனில் கேட்கிறாள். போனில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்களும் அந்தக் கால மாரியைப் பார்த்தவர்கள். மழை என்றால் என்ன மழை என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். எங்கள் வீடு கல்லடியில், வாவிப் பக்கமாகத் தாழ்ந்து கிடந்த நிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு பஸ் டிப்போவில் வேலை. அம்மா வீட்டில் தையல். எங்கள் பின்வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு மாமி தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை. சொந்தக்கார மாமி இல்லை. ஊர் வழக்கத்துக்கு மாமி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சேலை உடுத்துக் கோயிலுக்குப் போகிற வேதக்காரர். மற்ற நாட்களில் அவருடைய கை எப்போதும் ஊறி வெளுத்து, சுருங்கிப்போய் இருக்கும். கிட்டப் போனால் கார சவர்க்கார வாசம் அடிக்கும். பிள்ளைகள் நாங்கள் அவருக்குத் தெரியாமல் 'பூனை மாமி' என்போம்.

அவர் பூனை வளர்த்தவரில்லை. அவருடைய வளவுக்குப் பூனைகள் வந்துபோகும், அவ்வளவுதான். பின்னேரம் வேலை விட்டு வந்ததும் சோற்றில் மீன்தலையைப் பிசைந்து சிரட்டைகளில் வைப்பார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்க மாட்டார். ஒன்று கிணற்றடியில், ஒன்று முருங்கைக்குக் கீழே, ஒன்று வேலி ஓரத்தில். கடுவன் ஒன்றில் வாய் வைக்கிற நேரத்தில் இளைத்த பெட்டை மற்றதில் தின்றுவிடட்டும் என்பதற்காக. வைத்துவிட்டுப் பூனைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல்படியில் இருப்பார். நான் வேலி அடைத்த தென்னோலைக் கிடுகை விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பாமலே அவருக்குத் தெரிந்துவிடும்.

"என்ன பாக்கிறாய் மனே? போ அங்கால. நீ பாத்தா அதுகள் தின்னாது."

எங்கள் ஊரில் பெண்பிள்ளையும் 'மனே'தான். ஆனாலும் இனிமையான மனுசி என்று சொல்ல முடியாது. எங்கள் பந்து அவருடைய வளவுக்குள் விழுந்தால் பந்து திரும்பி வரும், கூடவே ஏச்சும் வரும்.

அந்தப் பூனைகளில் ஒன்றுக்கு அரை வால்தான். சாம்பல் நிறப் பெட்டை. வால் எதில் அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. 'வாலறுந்தவள்' என்று நான்தான் பெயர் வைத்தேன். எனக்கு அவளில் விருப்பம் வந்ததற்குக் காரணம் கேட்காதீர்கள். என்னைக் கண்டால் மற்றதுகள்போல உடனே பாயாமல், ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் பாய்வாள். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதுமாக இருந்தது.

மாரி தொடங்குவதற்கு முன் எல்லா வீட்டிலும் கருவாடு போடுவார்கள் அல்லவா? அம்மாவும் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்திருந்தார். ஒரு மத்தியானம் வாலறுந்தவள் பாயின் நடுவில் நின்று ஒரு கருவாட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா குசினியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவர். கையில் இருந்த சட்டியோடு வெளியே வந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த கஞ்சித் தண்ணீரை அப்படியே வீசினார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

மாமி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேலிக்கு மேலாலே தலை தெரிந்தது.

"வாயில்லாச் சீவனுக்குச் சுடுகஞ்சி ஊத்துறியே! உன்ர நெஞ்சில என்ன கல்லா இரிக்கி?"

"உன்ர பூனை என்ர புள்ளையள்ற கருவாட்டத் திண்டா நான் பாத்துக்கொண்டு இரிக்கவா?" என்றார் அம்மா. "அவ்வளவு ஆசையெண்டா உன்ர வீட்டுக்குள்ள கட்டி வெச்சி வளர்."

"அது என்ர பூனையில்ல."

"உன்ர பூனையில்லாட்டி மறுகா உனக்கென்ன?"

மாமி திரும்பி நடந்தார். தலை மறைந்துவிட்டது. இன்றைக்கு என்னிடமும் இதையே கேட்கிறார்கள். 

அதுவரைக்கும் அம்மா அவரை 'மச்சாள்' என்றுதான் கூப்பிட்டு வந்தார். அன்றிலிருந்து 'அவள்' ஆக்கிவிட்டார். வேலிக்கு மேலால் கறிவேப்பிலை போவதும் கறி வருவதும் நின்றுபோயின. அடுத்தநாள் கிடுகு இடுக்கால் நான் பார்த்தேன். மாமி கரப்பு ஒன்றை யாரிடமோ வாங்கி வந்திருந்தார். வாவியில் மீனை மூடிப் பிடிக்கிற பிரம்புக் கூடை அது. இப்போது கண்ணில் படுவதே இல்லை. வாலறுந்தவள் தின்ன வந்த நேரத்தில் அந்தக் கூடையால் மூடிவிட்டு, பிரம்பு இடைவெளிக்குள்ளால் ஒரு கோழியிறகை விட்டுத் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்ததை முதுகில் தடவினார். பூனை உள்ளே சீறிக்கொண்டும் பிறாண்டிக்கொண்டும் இருந்தது. "ஏசு, ஏசு. நல்லா ஏசு" என்று மாமி அதனோடு பேசிக்கொண்டிருந்தார். நாளாக ஆகப் புண் காய்ந்தது. ஆனால் முதுகில் அந்த இடத்தில் மயிர் முளைக்கவேயில்லை.

ஐப்பசி பிறந்து மழை விடாமல் பெய்யத் தொடங்கியது. எங்கள் குசினியில் அடுப்புக்கு மேலே ஒரு பரண் இருந்தது. அதில் தேங்காய்ப் பொச்சுமட்டையும் பழைய சாக்குகளும் கிடக்கும். பொச்சுமட்டை எடுக்க ஒருநாள் நான் ஏணியில் ஏறினேன். சாக்குக்குள் இருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. வாலறுந்தவள்தான். வயிற்றடியில் எலிக்குஞ்சுபோல மூன்று குட்டிகள். எல்லா இடத்தையும் விட்டுவிட்டுச் சுடுகஞ்சி ஊற்றியவரின் அடுப்புக்கு மேலேதான் வந்து போட்டிருந்தாள். நனையாத இடமும் சூடான இடமும் அந்தச் சுற்றில் அது ஒன்றுதான் போலும். நான் மூச்சுக் காட்டாமல் இறங்கி, "மட்டை எல்லாம் ஈரம் அம்மா" என்று பொய் சொன்னேன்.

உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று அப்பா டிப்போவில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மேற்கே குளங்கள் நிரம்பினால் அந்தத் தண்ணீரெல்லாம் வாவிக்குத்தான் வரவேண்டும். வாவி நிரம்பினால் எங்கள் வளவுக்கு. வெள்ளம் என்றால் சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். இது சத்தமே இல்லாமல் வந்தது. விடிந்தபோது முற்றத்தில் வாளி மிதந்தது. மத்தியானம் கட்டில் காலை மூடியது. மலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிட்ட நாற்றம். அப்பா தையல் மெசினைத் தூக்கி மேசையில் வைத்துச் சாக்கால் மூடினார். தோணி வந்து வேலியடியில் நின்றது.

"அப்பா, பரணில பூனை குட்டி போட்டிரிக்கு" என்று அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"பூனை தன்ர பாட்டைப் பாக்கும் மகள். நீ ஏறு."

எங்கள் வளவுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தோணா இருந்தது. மழைத் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகிற ஓடை. கோடையில் பிள்ளைகள் ஒரே பாய்ச்சலில் தாண்டுவோம். இப்போது அதன்மேல் தோணி போனது. மதகின் இரும்புக் கம்பி மட்டும் வெளியே தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். சுண்ணக்கட்டித் தூளும் ஈரச் சேலையும் விறகுப் புகையும் கலந்த ஒரு மணம். பிள்ளைகளுக்கு அது பெருநாள்தான். பெரிய கிடாரத்தில் சோறும் பருப்பும் அவித்தார்கள். தலைமை வாத்தியார் பொறுப்பாக இருந்தார். தோணாவில் முதலை கிடக்கிறது, கண்டவர்கள் இருக்கிறார்கள், யாரும் திரும்பிப் போகக் கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட்டார். நான்தான் சோறு இறங்காமல் இருந்தேன். வேறு யாரிடம் சொல்வது? மாமி வராந்தா மூலையில் தனியே இருந்தார். அம்மா பார்க்காத நேரத்தில் போனேன்.

"மாமி, வாலறுந்தவள் எங்கட பரணில குட்டி போட்டிரிக்காள். ஆருக்கும் தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினை?"

"மூண்டு."

"கண் முழிச்சிற்றா?"

"இல்ல."

பன்புல்லில் பின்னிய தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "அழாத. வாய மூடிக்கொண்டு இரி" என்றார்.

அடுத்தநாள் தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் வந்து நின்றார். சேலை நெஞ்சுவரை ஈரம். என் தலைக்கு மேலால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூண்டும் இரிக்கி. தாயும் இரிக்கி. மத்ததுகள் என்ர ஓட்டுக்கு மேல."

அதற்குப் பிறகு வரிசையில் எனக்கு நாளும் செய்தி கிடைத்தது. ஒன்று கண் முழித்துவிட்டது. கடுவன் பாம்பு பிடித்துத் தின்றுவிட்டது. அவர் வெள்ளாப்பில், மற்றவர்கள் எழும்புவதற்கு முன், மதகுக் கம்பியைப் பிடித்துத் தோணாவைக் கடந்து போய்வந்தார். தண்ணீர் அப்போது அசையாமல் கிடந்தது, நெஞ்சளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவே எதையும் ஒளிக்க முடியுமா? மாமி சோற்றை எல்லோரோடும் இருந்து தின்பதில்லை, தாமரை இலையில் கட்டிப் பன்பையில் வைக்கிறார் என்பது முதலில் கண்ணில் பட்டது. "ஆசை புடிச்சவள், சேத்து வெக்கிறாள்" என்று அம்மாவே சொன்னார். அந்த நாட்களில் மாமியின் கன்னம் ஒட்டிப்போனது யாருக்கும் தெரியவில்லை. கிடைத்த பங்கில் பாதியை அவர் தின்னவில்லை என்ற கணக்கு எனக்கே எத்தனையோ வருஷம் கழித்துத்தான் பிடிபட்டது.

பிறகு ரேடியோ காணாமல் போனது. எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்தவரின் ரேடியோ. கடைக்காரர் தோணியில் போய்ப் பார்த்துவிட்டு, அலுமாரி வெறுமையாய் இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தார். விறகு கொண்டுவருகிற தோணிக்காரர் அப்போது ஒரு சொல்லை விட்டார்: பூனை மாமி எங்கள் வீட்டுக் குசினி யன்னலால் இறங்கி வந்ததைத் தான் கண்டதாக.

மத்தியானச் சோற்றுக்கு முன் தலைமை வாத்தியார் மாமியை மண்டபத்துக்குக் கூப்பிட்டார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"எங்கட வீட்டுக்குள்ள இவளுக்கு என்ன வேலை?" அம்மா முன்னுக்கு வந்தார். "என்ர மெசின் அங்க கிடக்கு சேர். அது போனா எங்கட சீவியம் போச்சி."

"என்னத்துக்குப் போனனீங்க?" என்று வாத்தியார் கேட்டார்.

 மாமி அம்மாவை ஒருமுறை பார்த்தார். பன்பையைத் தலைகீழாகப் பிடித்தார். தாமரை இலைப் பொட்டலம் ஒன்று, மீன்தலைக் கருவாடு, சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய், ஒரு கோழியிறகு.

"பாருங்க, கோழியும் களவெடுத்திரிக்காள்!" என்றார் கடைக்காரர்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மாமி களவெடுக்கல்ல! பூனையளுக்குச் சோறு வைக்கப் போறவ! எங்கட பரணில வாலறுந்தவள் குட்டி போட்டிரிக்காள், அதுக்குத்தான்!"

 பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மனிசருக்கே சோறு காணாது. பூனைக்கா?" என்றார். களவை அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் தீர்ப்புச் சொன்னார்: இனி மாமி எங்கும் போகக் கூடாது, தன் பங்கை அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் இருந்து தின்னவேண்டும்.

அன்றைக்கு மாமி அப்படித் தின்றதைப் பார்த்தேன். சோறு பரிமாறுகிற பெண் இடுப்பில் கை வைத்துப் பக்கத்தில் காவலாக நின்றாள். மாமி தலையைக் குனிந்தபடி ஒவ்வொரு பிடியாக எடுத்தார். பள்ளிக்கூடத்துத் தகரச் சோற்றுக்கோப்பை தேய்ந்து தேய்ந்து நடுவில் கறுத்திருந்தது. அவர் தின்று முடிக்கும்வரை நான் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா தன் சோற்றை அளைந்துகொண்டு இருந்தார். அவரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டொரு நாளில் ஆற்றுவாய் வெட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. உங்களில் தூர இடத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்துக் கிடக்கும். மாரியில் வாவி பொங்கினால் அந்த மணலை மண்வெட்டியால் வெட்டித் திறந்துவிடுவார்கள். வெட்டிய வாய்க்காலைத் தண்ணீரே அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் பாயும். காலையில் அப்பா, கடைக்காரர், தோணிக்காரர், வாத்தியார் என்று ஆம்பிளைகள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு போனார்கள். பள்ளிக்கூடத்தில் பெண்களும் பிள்ளைகளும் நடக்க முடியாதவர்களும்தான் மிச்சம்.

அன்று மழை விட்டு வெயில் எறித்தது. பெண்கள் பின்மதிலடியில் துணி தோய்த்தார்கள். நான் மதிலில் ஏறி இருந்தேன். தோணாவில் நாட்கணக்காக அசையாமல் கிடந்த தேங்காய்மட்டையும் வாழைத்தண்டும், யாரோ சொல்லி வைத்ததுபோல, எல்லாம் ஒரே பக்கமாக மெல்லத் திரும்பின. பிறகு போகத் தொடங்கின. பிறகு ஓடத் தொடங்கின. ஆற்றுவாய் திறந்துவிட்டது என்று எனக்கு விளங்கியபோது, எதிர்க்கரையில் மாமி நின்றார். தலையில் பன்பை.

காவல் இல்லை என்று கண்டு போயிருக்கிறார். திரும்பி வருகிற நேரத்தில் தண்ணீர் மாறிவிட்டது. அவர் நின்று பார்த்தார். இறங்கினார். மதகுக் கம்பியை ஒரு கையால் பிடித்துப் பாதிவரை வந்தார். அங்கே கால் நிலத்தில் நிற்கவில்லை. உடம்பு கம்பியில் இருந்து கொடியில் போட்ட சேலைபோல இழுபட்டது. அவர் கத்தவில்லை. தலையில் இருந்த பையைப் பிடித்த கையும் இறங்கவில்லை.

"அம்மா! மாமி!" என்று கத்தினது நான்தான்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த துணி கல்லில் விழுந்தது. சேலையை இழுத்துச் செருகினார். யாரையும் கூப்பிடாமல், எதையும் யோசிக்காமல் தண்ணீருக்குள் இறங்கினார். அம்மா அந்த ஊரில் பிறந்தவர், நீந்தத் தெரிந்தவர். ஆனாலும் தண்ணீர் அவரையும் தள்ளியது. கடைக்காரரின் பெண்சாதி பாய்ந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அவருடைய கையைச் சோறு பரிமாறுகிற பெண் பிடித்தாள். அவளை இன்னொருத்தி. கரையில் கடைசியாக நின்றவள் பூவரச மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அம்மா மாமியை எட்டிவிட்டார்.

"கையத் தா!"

"முதல்ல இதப் புடி."

"உன்ர கையத் தா, விசரி!"

"நீ இதப் புடிச்சாத்தான் தருவன்."

அம்மா ஏதோ ஏசினார், தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. பையை வாங்கித் தலையில் வைத்துப் பற்களால் அதன் பிடியைக் கவ்விக்கொண்டார். பிறகு மாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். பெண்கள் இழுத்தார்கள். எல்லோரும் கரையில் ஒருவர்மேல் ஒருவராக வந்து விழுந்தார்கள்.

மூச்சு வாங்கினார்கள். பைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. அம்மா அதைத் திறந்து பார்த்தார். சாக்குத் துண்டில் சுற்றிய மூன்று குட்டிகள்.

"உங்கட குசினிச் சுவர் விழுந்திற்று" என்றார் மாமி. "பரணும் சரியிது. தாய் கூரைக்கு மேல, புடிக்க ஏலா." இருமினார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உன்ர மெசினுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி மேசைக்கு வந்திற்று எண்டு அண்டைக்கே தூக்கி அலுமாரிக்கு மேல வெச்சிற்றன்."

தோணிக்காரர் கண்டது, மெசினைத் தூக்கி வைத்துவிட்டு மாமி யன்னலால் இறங்கி வந்ததைத்தான். மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது ஒன்று. கேட்ட விதம் பிடிக்கவில்லை என்பது மற்றது. இந்த வயதில் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

அம்மா குட்டிகளை மடியில் வைத்தபடி அழுதார். சத்தமாக, பிள்ளைபோல அழுதார். மாமி அவரைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அம்மா தன் தேத்தண்ணிக்குக் கிடைத்த தகரத்து ரின்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணித் திரியில் நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தார். கடைக்காரரின் பெண்சாதியும் தன் பங்கைக் கொண்டுவந்து ஊற்றினார். குட்டிகள் குடித்தன. ஆனால் ஒன்று அடுத்தநாள் செத்துப்போனது. மாட்டுப்பால் சின்னக் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று மிருக வைத்தியர் போன வருஷம் சொன்னபோது, எனக்கு அந்தக் குட்டியின் நினைவு வந்தது. அன்றைக்கு எங்களுக்கு யாருக்குத் தெரியும்? அம்மாதான் அதைப் பூவரசடியில் புதைத்தார்.

ஆம்பிளைகள் வந்து நடந்ததைக் கேட்டார்கள். "உங்களுக்கு என்ன விசரா?" என்று வாத்தியார் மாமியிடம் கேட்டதோடு சரி. ரேடியோவை வெள்ளம் ஏறின முதல்நாளே கடைக்காரரின் மச்சான் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனது பிறகு தெரியவந்தது. கடைக்காரர் அதை வந்து மாமியிடம் சொல்லவில்லை. கடையில் அந்த ரேடியோ திரும்பவும் பாடத் தொடங்கியது, அதில் இருந்துதான் ஊருக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனபோது எல்லாவற்றிலும் கணுக்கால் உயரத்துக்குச் சேறு. குசினியின் ஒரு பக்கம் இல்லை. விழுந்த சுவரின் மிச்சத்தில் வாலறுந்தவள் இருந்தாள், எலும்பும் தோலுமாக. எங்களைக் கண்டதும் ஓட்டுக்குத் தாவினாள். மாமி பன்பையைச் சுவர்மேல் வைத்து வாயைத் திறந்துவிட்டார்.

"எல்லாரும் அங்கால திரும்புங்க."

அப்பா திரும்பினார். நான் திரும்பினேன். அம்மாவும் திரும்பினார். மூன்று பேரும் சேற்றுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஓடு ஒன்று அசைந்த சத்தம். பிறகு குட்டியின் கீச்சு, அதற்குத் தாயின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு மறுமொழி. "போயிற்றாள்" என்று மாமி சொன்ன பிறகு திரும்பிப் பார்த்தோம். பை வெறுமையாக இருந்தது.

அதோடு அம்மாவும் மாமியும் சிநேகமாகிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. உயிரைக் காப்பாற்றியது வேறு, கதைபேச்சு வேறு. அம்மாவுக்கு மண்டபத்தில் சொன்ன சொல் தொண்டையில் நின்றது. மாமிக்கோ யாரிடமும் தானாகப் போய்ப் பேசுகிற பழக்கமே இல்லை. மன்னிப்புக் கேட்பது என்ற ஒன்று நம் வீடுகளில் அப்போது இருந்ததா? எனக்கு நினைவில்லை. அப்பா குசினிச் சுவரைக் கட்டினார், வேலிக்குப் புதுக் கிடுகு அடைத்தார். அம்மா மீன் வெட்டினால் தலையையும் குடலையும் பேசாமல் ஒரு சிரட்டையில் போட்டு வேலி ஓரத்தில் வைத்துவிட்டு வருவார். அந்தப்பக்கத்தில் இருந்து கழுவின சிரட்டை பேசாமல் திரும்பி வரும்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம். வாலறுந்தவள் வேலிக் கம்பில் இருந்தாள். முதுகில் மயிரில்லாத இடம் வெயிலில் தெரிந்தது. அந்தப்பக்கத்தில் மாமி துணி உதறிக் கொடியில் போடுகிற சத்தம். அம்மா தேத்தண்ணி ஊற்றி இரண்டு கோப்பைகளோடு பின்வாசலுக்கு வந்தார். வேலியடியில் நின்று பூனையைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு பூனையிடம்தான் சொன்னார், ஆனால் வேலிக்கு அப்பால் கேட்கிற அளவுக்கு:

"உன்ர மாமிக்கிட்டப் போய்ச் சொல்லு. தேத்தண்ணி ஊத்தியிரிக்கன், ஆறப்போகுது எண்டு."

துணி உதறுகிற சத்தம் நின்றது. பூனை காதை மட்டும் அசைத்தது.

"சீனி கூடப் போட வேணாமெண்டு சொல்லு" என்று மாமியின் குரல் வந்தது. அதுவும் பூனையிடம்தான்.